தூளிக் கொக்கியை மறைத்துவிடாதீர்கள்

கேள்வி: தாம்பரம் பக்கம் 920 சதுர அடியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் வாங்கியிருக்கிறோம், இரண்டாவது மாடி. மூத்தவனுக்கு மூன்றரை வயது, சின்னவளுக்கு ஐந்து மாதம். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். ஹால் முழுக்க ஃபால்ஸ் சீலிங், டிவிக்குப் பின்னால் சுவரளவு பேனல், மாடுலர் கிச்சன், இரண்டு அறைக்கும் அலமாரி என்று 8 லட்சத்துக்குக் கொட்டேஷன் வந்திருக்கிறது. கையில் 5 லட்சம்தான் இருக்கிறது. எதைக் குறைப்பது?
வாசகி, கிழக்கு தாம்பரம்

பதில்: முதலில் ஃபால்ஸ் சீலிங்கை எடுத்துவிடுங்கள். ஃபிளாட்டில் தரையிலிருந்து கூரைக்கு ஒன்பதரை அடி இருந்தால் பெரிது, அதில் அரை அடி போய்விட்டால் ஃபேனையும் அதற்கேற்ப இறக்க வேண்டும், அப்புறம் மூத்தவனை அப்பா தோளில் தூக்கும்போதெல்லாம் உங்களுக்குப் பகீரென்று இருக்கும். இன்னொரு காரணம் தூளி. ஐந்து மாதக் குழந்தையும் மாமியாரும் இருக்கிற வீட்டில் இன்னும் ஒரு வருஷத்துக்கு ஹாலின் நடுநாயகம் டிவி இல்லை, கூரையிலிருந்து தொங்கும் அந்தப் பழைய நூல் புடவைதான். அதைச் சுற்றி நாலு பக்கமும் இடம் விட்டு சோபாவைப் போடுங்கள். கூரையில் தனிக் கொக்கி இல்லாவிட்டால் கான்கிரீட்டில் துளைபோட்டு உறுதியாக ஒன்று மாட்டச் சொல்லுங்கள், ஃபேன் கொக்கியில் தூளி கட்டவே வேண்டாம்.

டிவி பேனலும் வேண்டாம். சுவரில் ஈரம் ஊறினாலும் கரையான் ஏறினாலும் பலகைக்குப் பின்னால் நடப்பது நம் கண்ணில் படாது.

மிச்சமாகிற பணத்தைச் சமையலறையில் போடுங்கள், அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஷட்டரின் பளபளப்பைப் பார்த்து மயங்காமல், உள்ளே இருக்கும் பெட்டி எதில் செய்தது என்று கேளுங்கள். என் வீட்டில் முதல் தடவை செய்தபோது நான் கேட்கவில்லை. சிங்க் குழாயில் சொட்டுச் சொட்டாகக் கசிந்த தண்ணீரில் இரண்டே வருஷத்தில் அடிப்பலகை டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி உப்பிவிட்டது, விரலால் அழுத்தினால் தூளாக உதிர்ந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு அது. தண்ணீர் புழங்கும் இடத்துக்கு ஐஎஸ் 710 முத்திரை (தண்ணீர் தாங்கும் பலகைக்கான இந்தியத் தர எண்) உள்ள பிளைவுட் கேளுங்கள், வெட்டுவதற்கு முன் பலகையில் அந்த முத்திரையை நீங்களே பார்த்துவிடுங்கள். படுக்கையறை அலமாரிக்கு இவ்வளவு தேவையில்லை, அதற்குச் சாதாரண பிளைவுட்டுக்கான ஐஎஸ் 303 போதும்.

மேடை உயரத்தை உங்கள் முழங்கையை வைத்து முடிவு செய்யுங்கள். நின்றபடி கையை மடக்கினால் முழங்கைக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டும். நீங்களும் மாமியாரும் மாறி மாறிச் சமைப்பீர்கள் என்றால் குள்ளமானவர் பக்கம் கொஞ்சம் சாயுங்கள், உயர்ந்த மேடையில் தோசை வார்த்தால் தோள்பட்டை போய்விடும். படம் வரைந்து தருகிறவர்களுக்குக் கிரைண்டரும் 25 கிலோ அரிசி மூட்டையும் இட்லிப் பானையும் ஞாபகம் வராது, நாம்தான் சொல்ல வேண்டும். எவர்சில்வர் டிரம்மின் உயரத்தை அளந்து கையில் கொடுத்துவிடுங்கள்.

சிலிண்டரை மேடைக்கு அடியில் வைப்பீர்கள் என்றால் அந்தக் கதவின் அடிப்பகுதியில் காற்றுப் போக ஓட்டைகள் இருந்தே ஆக வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு படிந்து நிற்கும். அழகு கெடுகிறது என்று யாராவது மூடச் சொன்னால் கேட்காதீர்கள்.

குழந்தைகள் அறைக்கு இப்போதைக்கு எதுவும் செய்யவேண்டாம். ஒரு பாய், ஒரு மெத்தை, விளையாட்டுச் சாமான் போட மூடியில்லாத இரண்டு கூடை, வெறும் தரை, போதும். மூத்தவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் மேசை எங்கே போடுவதென்று தெரியும். டிராயர் வைத்த அலமாரி ஏற்கெனவே இருந்தால் இன்றைக்கே சுவரோடு சேர்த்துத் திருகிவிடுங்கள். குழந்தைகள் டிராயரை இழுத்துப் படிக்கட்டு மாதிரி ஏறுவார்கள், அது அப்படியே முன்னால் சாயும். 2016-ல் ஐகியா நிறுவனம் அமெரிக்காவில் 2.9 கோடி டிராயர் பெட்டிகளைத் திரும்பப் பெற்றது இப்படிச் சாய்ந்து குழந்தைகள் இறந்துபோனதால்தான். நூறு ரூபாய் எல் கிளாம்ப்பில் முடிகிற வேலை இது, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், மாமியாரின் குளியலறையில் வழுக்காத டைலும் ஒரு கைப்பிடியும். இதைப் பட்ஜெட்டில் கடைசி வரியாக வைத்தால் கடைசியில் பணம் இருக்காது, முதல் வரியில் எழுதுங்கள்.

கேள்வி: என்னைப் போட்டு ஆட்டிய மரத்தொட்டில் அம்மா வீட்டில் அப்படியே இருக்கிறது. பழைய பச்சை பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதிதாக அடித்து என் குழந்தைக்குப் பயன்படுத்தலாமா? எனக்கு 32 வயது.
வாசகர், திருச்சி

பதில்: ஆசை நியாயமானது. ஆனால் தேய்க்க வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். உங்கள் தொட்டிலின் பச்சையில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் தரையில், துணியில், குழந்தையின் விரலில் எல்லாம் போகும், ஈயம் வளர்கிற மூளையைப் பாதிக்கும். பல் முளைக்கிற குழந்தை விளிம்பைக் கடிக்காமல் இருக்காது. குழந்தையும் கர்ப்பிணிகளும் இல்லாத பட்டறையில் கொடுத்து, பெயிண்டை ரசாயனத்தால் கரைத்து முழுக்க எடுத்துத் தரச் சொல்லுங்கள். கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் அதில் குழந்தையைப் படுக்கவைக்கவே வேண்டாம். அப்போது அம்மா வீட்டுக் கூடத்திலேயே இருக்கட்டும், பொம்மைகளைப் போட்டு வையுங்கள்.

கேள்வி: சுவரெல்லாம் கிரேயான் கிறுக்கல். வெள்ளையை விட்டுவிட்டு அடர்ந்த நிறத்துக்கு மாறிவிடலாமா?
வாசகி, மதுரை

பதில்: வெள்ளையை விடாதீர்கள், வெளிச்சம் குறைந்த வீட்டுக்கு அதுதான் விளக்கு. தரையிலிருந்து மூன்றரை அடி வரைக்கும் மட்டும் கழுவக்கூடிய எமல்ஷன் அடியுங்கள், கொஞ்சம் மினுமினுப்பாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், ஈரத்துணியில் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். மிச்சப் பெயிண்டில் அரை லிட்டரை இறுக்க மூடி லாஃப்டில் வைத்து, மூடியின் மேல் நிறத்தின் எண்ணை மார்க்கரில் எழுதிவையுங்கள். கடையில் அடுத்த முறை அதே வெள்ளையைக் கேட்டால் இருபது வெள்ளை காட்டுவார்கள்.