பழைய பத்திரம் ஒரு கவுன்டி, வரைபடம் வேறு கவுன்டி

கேள்வி: அமெரிக்காவின் நெப்ராஸ்கா, மாநிலமாக ஆகாமல் பிரதேசமாக இருந்த காலத்து நிலப் பத்திரம் ஒன்றை ஆய்வுக்காகப் படிக்கிறேன். அதில் உள்ள நிலத்தை இன்றைய வரைபடத்தில் குறித்தால் பக்கத்துக் கவுன்டிக்குள் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) விழுகிறது. பத்திரம் தவறா?

பதில்: பத்திரம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், நகர்ந்தது எல்லை. முதலில் பத்திரத்தின் ஆண்டையும், அந்த வட்டாரத்தில் அரசு நில அளவை நடந்த ஆண்டையும் ஒப்பிடுங்கள். எல்லை வாசகத்தை எப்படிப் படிப்பது என்பது அதைப் பொறுத்தது.

1854 நவம்பரில் பொறுப்பு கவர்னர் தாமஸ் கமிங் எட்டுக் கவுன்டிகளை ஓர் அறிவிப்பிலேயே உண்டாக்கினார். சட்டமன்றத் தேர்தல் நடத்தத் தொகுதிகள் உடனே வேண்டியிருந்தன. நிலமோ இன்னும் அளக்கப்படவில்லை. அதனால் ஆற்றையும் மேட்டையும் மைல் கணக்கையும் வைத்தே எல்லை சொன்னார்கள். மறு ஆண்டே சட்டமன்றம் அவற்றை மாற்றியது. ஃபோர்னி நெமாஹா ஆனது, பியர்ஸ் ஓட்டோ ஆனது. இன்று வடகிழக்கில் இருக்கும் பியர்ஸ் கவுன்டி வேறு. பெயரை நம்பி ஏமாறுபவர்கள் நிறைய.

அளவை வந்தபின் வாசகம் மாறுகிறது. 40-வது அட்சரேகை அடிக்கோடு, 6-வது முதன்மைத் தீர்க்கரேகை குறுக்குக்கோடு. இவற்றிலிருந்து 6 மைல் சதுர டவுன்ஷிப்கள், ஒவ்வொன்றிலும் 640 ஏக்கர் கொண்ட 36 செக்‌ஷன்கள். ஒரு மைலுக்கு 80 சங்கிலி. நம் பழைய நில அளவையில் இருந்த அதே 66 அடிச் சங்கிலிதான். கவுன்டியை உண்டாக்கிய சட்டம் டவுன்ஷிப் கோட்டினை எல்லையாகச் சொன்னால் ஸ்கேல் வைத்து மைலை அளக்காதீர்கள். சர்வேயர் நட்ட மூலைக் குறிதான் எல்லை, அளவு பிசகியிருந்தாலும் அதுதான். 1805-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அமெரிக்க நில நிர்வாகப் பணியகத்தின் இணையதளத்தில் பழைய டவுன்ஷிப் புலப்படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றின் மேல்தான் கோடு வரைய வேண்டும்.

வடக்கே போகப்போகத் தீர்க்கரேகைகள் நெருங்கும். அதைச் சரிசெய்யத் திருத்தக் கோடுகளில் 6 மைலைப் புதிதாக அளந்திருப்பார்கள். கவுன்டியின் பக்க எல்லை அங்கே படிக்கட்டு போல ஒடிந்தால் அது அச்சுப் பிழை அல்ல.

ஆற்றெல்லைதான் பெரிய தலைவலி. ஆறு கரையை மெல்ல அரித்து நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும்; திடீரென்று புது வழி வெட்டினால் எல்லை பழைய தடத்திலேயே நிற்கும். 1877-இல், நெப்ராஸ்காவுக்கும் அயோவா மாநிலத்துக்கும் எல்லையான மிசௌரி ஆறு நெப்ராஸ்காவின் ஒமாஹா நகர் அருகே அப்படி வெட்டிக்கொண்டது. 1892-இல் உச்ச நீதிமன்றம் இந்த விதியைத்தான் உறுதிசெய்தது. கார்ட்டர் லேக் ஊர் ஒமாஹா பக்கத்தில் இருந்தும் இன்றுவரை அயோவாவைச் சேர்ந்தது. ஆகவே பத்திரக் காலத்து ஆற்றுத் தடத்தை வரையுங்கள்.

அண்டையிலுள்ள கொலராடோவுக்கும் போகிறீர்கள் என்றால், 1861-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் கிழக்கு எல்லையை வாஷிங்டனிலிருந்து 25 பாகை மேற்கே என்கிறது. அதைக் கிரீன்விச் 102 பாகை என்று வைத்தால் 4 கிலோமீட்டருக்கு மேல் தவறும்.

இன்னொன்று: சட்டத்தில் பெயர் வந்தும் அதிகாரிகளே இல்லாத கவுன்டிகள் இருந்தன. நீதி, வரி, பதிவு வேலைகளுக்கு அவற்றைப் பக்கத்துக் கவுன்டியோடு சேர்த்துவிடுவார்கள். அந்தந்த ஆண்டின் சட்டத் தொகுப்பில் இந்த இணைப்பைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டைத் தேடுங்கள். நிலம் ஒரு கவுன்டியிலும் பத்திரம் இன்னொரு கவுன்டி அலுவலகத்திலும் இருக்கக்கூடும்.