ஹெச்.பி.-01: மணிக்கட்டுக்கு வந்த கணிப்பான் – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கையில் கட்டிக்கொள்ளும் மின்னணுக் கணிப்பான்களில் ஹியூலெட் பேக்கர்டு நிறுவனத்தின் ஹெச்.பி.-01 தான் முதலாவது என்று படித்தேன். சரியா?

சரியன்று. 1975-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்த பல்சர் கணிப்பான் கடிகாரத்தையே பொதுவாக முதலாவதாகக் கொள்கிறார்கள். தங்கத்தால் செய்த அதன் முதல் பதிப்பின் விலை 3,950 டாலர். அடுத்த ஆண்டு வந்த எஃகுப் பதிப்பு 550 டாலருக்கு விற்றது. ஹெச்.பி.-01 சந்தைக்கு வந்தது 1977-இல். ஆயினும், முந்தி வந்ததைவிடப் பிந்தி வந்த இதுவே பெரிய சாதனை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அப்படி என்ன பெரிய வேறுபாடு? இரண்டுமே மணி காட்டுகின்றன, இரண்டுமே கணக்குப் போடுகின்றன.

பல்சரில் கடிகாரமும் கணிப்பானும் ஒரே கூட்டுக்குள் அடுத்தடுத்துக் குடியிருந்தன; ஒன்றின் எண்களை மற்றொன்று அறியாது. ஹெச்.பி.-01-ஐ வடிவமைத்த பொறியாளர்களோ, நேரத்தையும் தேதியையும் கூட்டவும் கழிக்கவும் கூடிய எண்களாகவே கருதினார்கள். இப்போதைய நேரத்துடன் இரண்டரை மணி நேரத்தைக் கூட்டினால் விடை மணிக்கணக்காகவே வரும். ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழித்தால் இடைப்பட்ட நாட்களின் எண்ணிக்கை கிடைக்கும். ஒரு தேதியுடன் 90 நாட்களைக் கூட்டினால் எந்தத் தேதியில் தவணை முடிகிறது என்று தெரிந்துவிடும். இதற்காக 200 ஆண்டுகளுக்கான நாட்காட்டியை அதனுள் வைத்திருந்தார்கள்.

இவற்றையெல்லாம்விட என்னை வியக்க வைப்பது, ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாப்வாட்ச்சையே கணக்கின் ஓர் உறுப்பாக்க முடிந்தது என்பதுதான். தொலைதூரத் தொலைபேசி அழைப்புகளுக்கு நேரத்தைப் பொறுத்துக் கட்டணம் வாங்கிய காலம் அது. கட்டண வீதத்தை உள்ளிட்டு ஸ்டாப்வாட்ச்சுடன் பெருக்கிவிட்டால், பேசப் பேசச் செலவு நொடிக்கு நொடி ஏறுவதைத் திரையிலேயே பார்க்கலாம். மாறிக்கொண்டே இருக்கும் ஓர் அளவை இடைவிடாமல் கணக்கிட்டுக் காட்டும் திறன், மேசைமேல் வைக்கும் கணிப்பான்களிலேயே அன்று அரிது.

கேள்வி: அவ்வளவு சிறிய பொத்தான்களை விரலால் எப்படி அழுத்தினார்கள்?

பெரும்பாலானவற்றை விரலால் அழுத்த முடியாது. மொத்தம் 28 பொத்தான்கள். நேரம், தேதி போல அடிக்கடி வேண்டியவற்றுக்கான சில மட்டும் சற்று மேலெழும்பி விரலுக்கு எட்டின. மற்றவை தவறுதலாக அழுந்தாதபடி உள்ளடங்கி இருந்தன. அவற்றை அழுத்துவதற்கென்று எழுத்தாணி போன்ற சிறு குச்சி ஒன்றைக் கடிகாரப் பட்டையின் கொக்கியிலேயே செருகித் தந்தார்கள். பல்சரின் எண்களை அழுத்தவும் கூர்முனை ஒன்று தேவைப்பட்டது.

கேள்வி: மின்னணுவுக்கு முன்னால் கணக்குப் போடும் கடிகாரமே இல்லையா?

உண்டு. முகப்பைச் சுற்றி நழுவுகோல் (ஸ்லைடு ரூல் – அளவுகளை நகர்த்தி வைத்துக் கணக்கிடும் கருவி) அளவீடு பொறித்த சுவிட்சர்லாந்துக் கடிகாரங்கள் 1940-களிலேயே வந்துவிட்டன. பிரைட்லிங் நிறுவனத்தின் குரோனோமேட் அவற்றில் புகழ்பெற்றது. வளையத்தைச் சுழற்றிப் பெருக்கலும் வகுத்தலும் செய்யலாம், ஆனால் கூட்டல் கழித்தல் செய்ய இயலாது.

கேள்வி: இத்தனை திறன் இருந்தும் அது ஏன் நிலைக்கவில்லை?

விலையை முதலில் சொல்ல வேண்டும். எஃகுப் பதிப்பு 650 டாலர், தங்கமுலாம் பூசியது 750 டாலர். அதே நிறுவனம் 1972-இல் வெளியிட்ட ஹெச்.பி.-35 என்ற சட்டைப்பை அறிவியல் கணிப்பானின் தொடக்க விலையே 395 டாலர்தான். அடுத்தது எடையும் பருமனும்: ஆறு சிப்புகளையும் மூன்று பேட்டரிகளையும் தாங்கிய அந்தக் கடிகாரம் ஏறத்தாழ 170 கிராம் இருந்தது. மூன்றாவது, விற்ற இடம். நகைக்கடைகளிலும் பெரிய அங்காடிகளிலும் வைத்து விற்றார்கள்; தேதிக் கணக்கின் அருமையை ஆபரணம் வாங்க வந்தவருக்கு விளக்குவது எளிதான வேலையன்று.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் திரை சிவப்பு எல்.இ.டி. எண்களால் ஆனது. எல்.இ.டி. மின்சாரத்தை மிகுதியாக உறிஞ்சும் என்பதால் எண்கள் எப்போதும் ஒளிர்ந்துகொண்டிருக்க முடியாது. மணி பார்க்க வேண்டுமானால் மறுகையால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். கையில் பையோ குடையோ இருப்பவருக்கு இது எவ்வளவு இடைஞ்சல் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று பேட்டரிகளில் இரண்டைத் திரைக்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். அந்தச் சில ஆண்டுகளிலேயே எப்போதும் தெரிந்துகொண்டிருக்கும், மிகக் குறைந்த மின்சாரம் போதுமான எல்.சி.டி. திரைகள் மலிந்துவிட்டன. 1980-இல் வந்த கேசியோ சி-80, எல்.சி.டி. திரையும் விரலால் அழுத்தக்கூடிய பொத்தான்களும் எடை குறைந்த பிளாஸ்டிக் கூடும் கொண்டு, கணிப்பான் கடிகாரத்தை மாணவர்களின் கைக்கும் கொண்டுசேர்த்தது. ஆனால் ஓடும் நேரத்தை விலையோடு பெருக்கிக் காட்டும் அந்தத் திறனை மலிவான கணிப்பான் கடிகாரங்கள் தொடரவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தமே.

கேள்வி: பழையதொன்று விற்பனைக்கு இருக்கிறது. வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பேட்டரி அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஆண்டுக்கணக்கில் உள்ளேயே விடப்பட்ட பேட்டரி கசிந்து இணைப்புகளை அரித்திருந்தால் விலையைக் குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள். சிப்புகள் அனைத்தும் ஒரே தகட்டில் பதிக்கப்பட்டிருப்பதால், ஒன்று பழுதானாலும் அதை மட்டும் மாற்றுவது கடினம். பிறகு 28 பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அழுத்திச் சோதியுங்கள். கொக்கியில் அந்தக் குச்சி இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள், பலரும் அதைத் தொலைத்திருப்பார்கள். வாங்கிய பின் பயன்படுத்தாத நாட்களில் பேட்டரிகளைக் கழற்றி வைத்துவிடுங்கள்.