கேள்வி – பதில்: பெரிய நிறுவனத்தில் செக்யூரிட்டி ஆர்கிடெக்ட்

கேள்வி: ஒன்பது வருடமாக ஃபயர்வால் (நெட்வொர்க்கில் எது போகலாம், வரலாம் என்று வடிகட்டும் தடுப்பு) பார்த்து வருகிறேன். எங்கள் நிறுவனத்திலேயே என்டர்பிரைஸ் செக்யூரிட்டி ஆர்கிடெக்ட் (நிறுவனம் முழுவதற்கும் கணினிப் பாதுகாப்பை வடிவமைப்பவர்) பொறுப்புக்கு அழைக்கிறார்கள். வேலை எப்படி மாறும்? முதலில் எதில் கை வைப்பது? – கோவை வாசகர்

பதில்: கமாண்ட் அடிப்பது குறையும், முடிவெடுத்து எழுதி வைப்பது கூடும். இந்த போர்ட்டை (நெட்வொர்க் இணைப்பு நுழையும் வாசலை) திறக்கலாமா என்று இதுவரை யோசித்தீர்கள். இனி அந்த இணைப்பு எதற்கு, அதில் யாருடைய டேட்டா போகிறது, கசிந்தால் அடி யாருக்கு என்று யோசிக்க வேண்டும்.

முதல் மூன்று மாதம் எந்தக் கருவியையும் வாங்கச் சொல்லாதீர்கள். நின்றுபோனால் வியாபாரமே முடங்கும் பத்து அப்ளிகேஷன்களைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் லாகின் எங்கிருந்து வருகிறது, பேக்கப் எங்கே போகிறது, வெளி ஒப்பந்தக்காரர் யார் உள்ளே வருகிறார் என்று எழுதுங்கள். கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 2013-ல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி கார்டு விவரங்கள் திருடு போயின. திருடர்கள் நுழைந்தது குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்த நிறுவனத்தின் லாகின் வழியாக.

அடுத்தது விதிவிலக்குப் பட்டியல். உங்கள் கையில் இருக்கப்போகும் மிக முக்கியமான ஆவணம் இதுதான் என்பேன். 'இந்த சர்வருக்கு மட்டும் பேட்ச் (பாதுகாப்புக் குறையை அடைக்கும் திருத்தம்) போட முடியாது', 'இந்தக் கணக்குக்கு மட்டும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வேண்டாம்' என்று வாய்மொழியாக விட்டவை ஏராளமாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் காரணம், மாற்றுப் பாதுகாப்பு, பொறுப்பாளர் பெயர், காலாவதித் தேதி எழுத வேண்டும். பொறுப்பாளர் ஐடி ஆளாக இருக்கக் கூடாது, அந்தத் தொழில் பிரிவின் தலைவராக இருக்க வேண்டும். தேதி 90 நாளைத் தாண்ட வேண்டாம். தேவைப்பட்டால் மறுபடி வந்து கேட்கட்டும். 2021-ல் அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைனுக்குள் ரேன்சம்வேர் கும்பல் (டேட்டாவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பவர்கள்) புகுந்தது, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் (வெளியிலிருந்து நிறுவன நெட்வொர்க்குக்குள் வரும் வழி) கணக்கு வழியாக. அதற்குப் பாஸ்வேர்டு மட்டும்தான் பூட்டு.

கேள்வி: 'ஜீரோ டிரஸ்ட் வாங்கிவிடலாம்' என்கிறது நிர்வாகம். எங்கே தொடங்குவது? – ஓசூர் வாசகர்

பதில்: அது பெட்டியில் வரும் பொருளே கிடையாது. அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2020 ஆகஸ்டில் வெளியிட்ட 800-207 ஆவணம் அதை வடிவமைப்புக் கொள்கையாகத்தான் சொல்கிறது: உள் நெட்வொர்க்கில் இருப்பதாலேயே யாரையும் நம்பாதே, ஒவ்வொரு அணுகலையும் ஆள், கருவி, சூழல் பார்த்து முடிவு செய். நிர்வாகத்துக்கு அதை அச்செடுத்துக் கொடுங்கள்.

தொடங்க வேண்டிய இடம் லாகின். நிர்வாகக் கணக்குகளுக்கு ஃபிடோ2 சாவி (லாகின் செய்யக் கணினியில் செருகும் சிறு கருவி) கொடுங்கள். மற்றவர்களுக்கு மொபைலில் 'சம்மதம்' அழுத்தும் முறை இருந்தால், திரையில் காணும் எண்ணைத் தட்டச்சு செய்யும் முறைக்கு மாற்றுங்கள். நடுராத்திரியில் வரிசையாக வரும் கோரிக்கையில் சலித்துப்போய் 'சம்மதம்' அழுத்துகிறவர்கள் உண்டு. பாஸ்வேர்டு மட்டும் கேட்கும் ஐமேப், பாப் (மெயில் எடுக்க), எஸ்எம்டிபி (மெயில் அனுப்ப) போன்ற பழைய மெயில் வழிகளை மூடாவிட்டால் இத்தனையும் வீண். மூடும் முன் லாகை (யார், எப்போது, எந்த வழியில் வந்தார் என்ற பதிவை) பாருங்கள். ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் பிரிண்டர்கள் அந்தப் பழைய வழியைத்தான் நம்பியிருக்கும். அவசரத்துக்கென இரண்டு தனிக் கணக்குகளை ஒதுக்கி, சாவிகளைப் பெட்டகத்தில் வையுங்கள். அவற்றில் யார் நுழைந்தாலும் உடனே எச்சரிக்கை வர வேண்டும். இந்தக் கணக்குகள் இல்லையென்றால் தவறான ஒரு பாலிசியில் நீங்களே வெளியே நிற்பீர்கள்.

நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பது அதற்கு அப்புறம். தடுக்காமல் கவனிக்கும் நிலையில் குறைந்தது ஐந்து வாரம் ஓட விடுங்கள், மாதக் கடைசி கண்டிப்பாக உள்ளே வர வேண்டும். இரண்டு வாரம் பார்த்துவிட்டு விதி போட்டவர்களுக்கு அடி விழுவது பெரும்பாலும் சம்பள நாளில். மாதம் ஒருமுறை மட்டும் தானாக ஓடும் மொத்த வேலை (batch job) அந்த இரண்டு வாரத்தில் தெரிந்திருக்காது. முதலில் பிரிக்க வேண்டியவை டொமைன் கன்ட்ரோலர் (எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் மைய சர்வர்), பேக்கப் சர்வர், விர்ச்சுவல் மெஷின்களின் (ஒரே கணினிக்குள் ஓடும் பல மென்பொருள் சர்வர்களின்) நிர்வாகத் திரை. இந்த மூன்றும் பிடிபட்டால் ரேன்சம்வேர் கும்பலுக்கு வேறெதுவும் தேவையில்லை.

கேள்வி: கோ-லைவுக்கு (திட்டம் பயன்பாட்டுக்கு வரும் நாளுக்கு) ஒரு வாரம் முன்புதான் டிசைன் என் மேஜைக்கு வருகிறது. என்ன செய்யலாம்? – சென்னை வாசகி

பதில்: நூறு கேள்வி கொண்ட படிவத்தை அனுப்பாதீர்கள், யாரும் உண்மையாக நிரப்ப மாட்டார்கள். டெவலப்பர், டேட்டாபேஸ் ஆள், கிளவுட் ஆள், தொழில் பிரிவு ஆள், நீங்கள் – ஐந்து பேர், தொண்ணூறு நிமிடம், ஒரு வெள்ளைப் பலகை. டேட்டா போகும் பாதையை வரையச் சொல்லுங்கள். நம்பிக்கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் சிவப்புக் கோடு போடுங்கள்: இணையத்திலிருந்து உள்ளே, அப்ளிகேஷனிலிருந்து டேட்டாபேஸுக்கு, நம்மிடமிருந்து வெளி நிறுவனத்துக்கு. ஒவ்வொரு கோட்டிலும் ஆறு கேள்வி. வேறு ஆள் போல நடிக்க முடியுமா? டேட்டாவை மாற்ற முடியுமா? செய்ததை மறுக்க முடியுமா? தகவல் கசியுமா? சேவையை முடக்க முடியுமா? தகுதிக்கு மீறிய அதிகாரம் கிடைக்குமா? ஸ்ட்ரைட் முறை என்பது இவ்வளவுதான்.

கிளவுட் திட்டமாக இருந்தால் சர்வருக்குக் கொடுத்த ரோலை (அது எதையெல்லாம் செய்யலாம் என்ற அனுமதித் தொகுப்பை) வரிவரியாகப் படியுங்கள். 2019-ல் கேப்பிடல் ஒன் வங்கியில் தவறாக அமைக்கப்பட்ட ஒரு வெப் ஃபயர்வாலின் ரோலுக்கு, அதற்குத் தேவையே இல்லாத ஸ்டோரேஜைப் படிக்கும் அனுமதி இருந்தது. 10 கோடிக்கு மேற்பட்டவர்களின் தகவல் அந்த வழியாகப் போனது. கோ-லைவையே நிறுத்த வேண்டிய அளவுக்குப் பெரிய குறைகளை மட்டும் அந்த வாரம் பிடியுங்கள், மீதி விதிவிலக்குப் பட்டியலுக்குத் தேதியோடு போகட்டும். அடுத்த திட்டத்துக்கு பட்ஜெட் ஒப்புதல் படிவத்திலேயே உங்கள் கையெழுத்துக் கட்டத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சிஐஎஸ்எஸ்பி (கணினிப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தகுதித் தேர்வு) அவசியமா? – மதுரை வாசகர்

பதில்: வேலைக்கான விளம்பரங்களில் கேட்கிறார்கள், எழுதிவிடுங்கள். அதன் பாடத்திட்டத்தின் எட்டுப் பகுதிகளில் குறைந்தது இரண்டில் மொத்தம் 5 வருட அனுபவம் வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி போன்ற துறையில் பட்டம் இருந்தால் 1 வருடம் கழியும்.

கேள்வி: ஆறு மணி நேரத்துக்குள் கணினிப் பாதுகாப்புச் சம்பவத்தைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதிக்கு எப்படித் தயாராவது? – பெங்களூரு வாசகர்

பதில்: 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவைச் சொல்கிறீர்கள். நேரம் ஓடத் தொடங்குவது சம்பவம் உங்கள் கவனத்துக்கு வந்ததிலிருந்து. லாகுகளை 180 நாள் வைத்திருக்கவும் அதே உத்தரவு சொல்கிறது. ஆனால் இடம் போதாமல் டிஸ்க் ஒரு மாதத்திலேயே பழைய லாகை அழித்துக்கொண்டிருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். 179 நாள் பழைய லாகை இன்றே தேடி எடுத்துப் பாருங்கள்.

எல்லா சர்வரின் கடிகாரமும் ஒரே என்டிபி (நெட்வொர்க் வழியாகச் சரியான நேரம் தரும் முறை) மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும். ஒன்று இந்திய நேரத்திலும் இன்னொன்று யூடிசி என்ற உலகப் பொது நேரத்திலும் எழுதினால் ஐந்தரை மணி நேரக் குழப்பம். ஆறு மணி நேரத்தில் அது எவ்வளவு பெரிது என்று பாருங்கள். லோடு பேலன்சருக்கு (வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பங்கிடும் கருவிக்கு) பின்னால் உள்ள சர்வர், வந்தவரின் ஐபி முகவரிக்குப் பதில் பேலன்சரின் ஐபியையே எழுதிக்கொண்டிருக்கும். அதையும் சரிபார்க்க வேண்டும்.

கண்காணிப்புக் கருவி உயிரோடு இருக்கிறதா என்பதற்கும் ஒரு எச்சரிக்கை தேவை. அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் 2017-ல் திருடர்கள் 76 நாள் உள்ளே இருந்தார்கள். டிராஃபிக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டிய கருவியின் டிஜிட்டல் சான்றிதழ் பல மாதமாகக் காலாவதியாகிக் கிடந்தது. அதைப் புதுப்பித்த உடனேயே சந்தேகமான டிராஃபிக் கண்ணில் பட்டது. சான்றிதழ் காலாவதிக்கு 60, 30, 7 நாள் முன் எச்சரிக்கை வரட்டும், தனிநபர் மெயிலுக்கு வேண்டாம், குழு மெயிலுக்கு வரட்டும்.