பரிசு கொடுத்தும் ஏன் சோர்ந்துபோனார்கள்?

கேள்வி: எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு நான் மேலாளர். உற்சாகம் வரட்டும் என்று மாதாமாதம் ‘சிறந்த ஊழியர்’ பட்டமும் ஊக்கத்தொகையும் அறிவித்தேன். இரண்டு மாதம் பரபரப்பாக இருந்தார்கள். இப்போது பழையபடிதான். முன்பு எதையும் தானாக இழுத்துப்போட்டுச் செய்த இருவர்கூட ஒதுங்கிவிட்டார்கள். இன்னும் என்னதான் கொடுப்பது?

பதில்: இப்போதைக்குப் புதிதாக எதுவும் கொடுக்க வேண்டாம். அந்த இருவரோடும் தனித்தனியாக உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அவர்களைப் பற்றிய வரிதான்.

ஸ்டேசி ஆடம்ஸ் என்ற உளவியலாளர் 1960களில் ஒன்று சொன்னார். தன் உழைப்பையும் அதற்குக் கிடைப்பதையும் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மனித இயல்பு. கணக்கு இடித்தால் சிலர் உழைப்பைக் குறைத்துச் சரிக்கட்டிக்கொள்வார்கள். உங்கள் திட்டத்தில் மாதந்தோறும் ஏழு பேர் வெறுங்கையோடு போகிறார்கள். அவர்களில் நன்றாக உழைத்தவரும் இருப்பார் இல்லையா?

இன்னொன்றும் இருக்கலாம். எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குக் கட்டைகளை இணைக்கும் புதிர் ஒன்றைக் கொடுத்தார். ஒரு பிரிவினருக்கு மட்டும் கொஞ்ச காலம் காசு கொடுத்துவிட்டு நிறுத்தினார். அதற்குப்பின் அவர்கள் ஓய்வு நேரத்தில் புதிரோடு செலவிட்ட நேரம், காசு வருவதற்கு முன்பு இருந்ததைவிடக் குறைந்துபோனது. விருப்பத்தோடு செய்த வேலை, காசுக்கான வேலையாக மனதில் மாறிவிடுகிறது.

அதற்காகப் பணம் முக்கியமில்லை என்று சொல்லவே மாட்டேன். சம்பளம் போதாமல் தவிப்பவரிடம் மனநிறைவைப் பற்றிப் பேசுவது அநியாயம். ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் பொறியாளர்கள், கணக்காளர்கள் சுமார் 200 பேரைப் பேட்டி கண்டு 1959இல் சொன்னதும் இதற்கு நெருக்கமானதுதான்: சம்பளமும் மேற்பார்வையும் மோசமாக இருந்தால் மனம் கசக்கும், சரிசெய்தால் கசப்பு தீரும், ஆனால் ஆர்வம் பிறப்பது பொறுப்பிலும் சாதித்த நிறைவிலும். அவருடைய ஆய்வுமுறையைக் குறை சொன்னவர்கள் உண்டு. இருந்தாலும் உங்களுக்கு இது உதவும் என்றே நினைக்கிறேன்.

பட்டத்தை நிறுத்துங்கள், தொகையை நிறுத்தாமல் எட்டுப் பேருக்கும் பிரித்துக் கொடுங்கள். அந்த இருவருக்கும் ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை, முடிவெடுக்கும் உரிமையோடு ஒப்படையுங்கள். பாராட்டும்போது ‘சூப்பர்’ என்பதோடு விடாமல், எதைச் செய்தார், அதனால் யாருக்கு என்ன உதவியானது என்று சொல்லுங்கள்.

அப்புறம், அந்தப் பேச்சு. ‘வேலையில் எது குறுக்கே நிற்கிறது?’ என்று கேளுங்கள். முதலில் ‘ஒன்றுமில்லை’ என்பார்கள். உடனே எழுந்துவிடாமல் கொஞ்சம் காத்திருங்கள். அவர்கள் சொல்வதில் உங்களால் முடிந்த ஒன்றையாவது அந்த வாரமே சரிசெய்துவிடுங்கள்.