ஆத்தாவுக்குத் துணையாக ரோபோ வாங்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். கானாடுகாத்தான் வீட்டில் 79 வயது ஆத்தா தனியாக இருக்கிறார்கள். பேச்சுத்துணைக்கு ஒரு ரோபோ வாங்கிக் கொடுக்க ஆசை. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் என்பேன். 2022-இலிருந்து நியூயார்க் மாநில அரசே தனியாக வாழும் முதியவர்களுக்குக் கொடுத்துவரும் 'எல்லிக்யூ' என்ற பேச்சுத்துணை ரோபோ நல்ல கருவிதான். ஆனால் அது பேசுவது ஆங்கிலம். சீல் குட்டி வடிவில் இருக்கும் ஜப்பானின் 'பாரோ' ரோபோவுக்கு மொழியே தேவையில்லை, தடவிக் கொடுத்தால் முனகும். மறதி நோய் உள்ளவர்களுக்கு ஆறுதல். விலைதான் சுமார் 6,000 டாலர்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 2017-இல் சுமார் 900 டாலருக்கு விற்ற 'ஜிபோ' ரோபோ, 2019-இல் தன்னை நெட் வழியாக இயக்கும் சர்வர் நிற்கப்போகிறது என்று தானே சொல்லி விடைபெற்றது. பழகிப்போன ஆத்தா அதைக் கேட்டால் மனசு என்ன பாடுபடும்? அதனால் எதை வாங்கினாலும் நெட் இல்லாமல் என்ன வேலை செய்யும், மாதச் சந்தா எவ்வளவு, ரிப்பேர் இங்கேயே நடக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடுமானவரை இந்தியாவில் பில் போட்டு வாங்குங்கள். பணம் கட்டியது நீங்களானாலும், உங்கள் சம்மதத்தோடு பயன்படுத்தும் ஆத்தாவும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்தாலும் போதும்.

சரி, என்னதான் வாங்குவது? கீழே விழுந்தால் தானே உங்களை அழைக்கும் கைக்கடிகாரம். தண்ணீர் பட்டாலும் கெடாததாகப் பாருங்கள், இல்லாவிட்டால் வழுக்கி விழக்கூடிய குளியலறைக்குப் போகும்போதுதான் அதைக் கழற்றி வைப்பார்கள். அப்புறம் வைஃபை. முகப்பில் வைத்த ரவுட்டர் நம் செட்டிநாட்டு வீட்டின் கனத்த சுவர்களைத் தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போகாது. சிக்னலை வாங்கி அடுத்த கட்டுக்குக் கடத்தும் மெஷ் பெட்டி, கட்டுக்கு ஒன்று வேண்டும், கரண்ட் போனாலும் ஓட இன்வெர்ட்டர் இணைப்பு வேண்டும்.

எங்கள் அப்பத்தா வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், வழுக்கி விழுந்தபோது போன் கையிலேயே இருந்தது, எங்களைக் கூப்பிட்டும் விட்டார்கள். ஆனால் அந்தத் தேக்குக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் பின்சுவர் ஏறிக் குதிக்கும்வரை முக்கால் மணி நேரம் கல்தரையிலேயே கிடந்தார்கள். மறுவாரமே பின்கட்டுக் கதவின் தாழை எடுத்துவிட்டு, வெளியிலிருந்தும் சாவியால் திறக்கிற பூட்டு போட்டோம். ஒரு சாவி பக்கத்து வீட்டில், ஒன்று வேலைக்கு வரும் அம்மாவிடம்.

உங்கள் வீட்டுச் சாவியை யாரிடம் கொடுக்க முடியும் என்று ஆத்தாவிடமே கேட்டு எழுதுங்கள். கடிகார மாடலை அப்புறம் பார்ப்போம்.