ஹைடன் கல்லறையில் இரண்டு தலை

கேள்வி: புகழ்பெற்றவர்களின் கல்லறையைத் தோண்டி உடலைத் திருடியது உண்மையிலேயே நடந்திருக்கிறதா? எதற்காகத் திருடினார்கள்?

நடந்திருக்கிறது. பணத்துக்காக என்றால் சார்லி சாப்ளின். 1978 மார்ச்சில் சுவிட்சர்லாந்தில் அவரைச் சவப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய் 6 லட்சம் டாலர் கேட்டார்கள். மனைவி ஊனா தர முடியாது என்றுவிட்டார். மே மாதம் ஒரு சோளக்கொல்லையில் பெட்டி கிடைத்தது, திருடர்களும் மாட்டினார்கள். அவ்வளவுதான்.

ஆனால் ரசிகனே திருடிய கதை வேறு மாதிரி. என் மகள் கீபோர்டு தேர்வுக்கு ஹைடன் இசை ஒன்றைப் பழகிக்கொண்டிருந்தாள். யார் இந்த மனுஷன் என்று தேடப்போய் இதில் மாட்டிக்கொண்டேன்.

யோசஃப் ஹைடன் 1809 மே 31 அன்று வியன்னாவில் இறந்தார். நெப்போலியன் படை ஊரைப் பிடித்திருந்த நேரம் என்பதால், நூற்றுக்கு மேல் சிம்பொனி எழுதியவருக்கு எளிமையான அடக்கம்தான். சில நாட்களிலேயே அவருடைய நண்பர் ரோசன்பாம், சிறை அதிகாரி பீட்டர் என்பவரோடு சேர்ந்து, குழி வெட்டுபவருக்குக் காசு கொடுத்துத் தலையை மட்டும் எடுக்க வைத்தார். வெயில் காலம் வேறு. நாற்றம் தாங்காமல் வாந்தி எடுத்ததை ரோசன்பாமே டைரியில் எழுதி வைத்திருக்கிறார்.

காரணம், மண்டையின் மேடு பள்ளத்தைத் தடவிப் பார்த்தே ஒருவரின் திறமையைச் சொல்லிவிடலாம் என்று அன்று பரவியிருந்த நம்பிக்கை. கிளப்பிவிட்ட மருத்துவர் பெயர் கால். பெயர் கால், ஆராய்ச்சி தலையில்! ஹைடன் மண்டையில் இசைக்கான மேடு நன்றாகவே இருப்பதாகப் பீட்டர் முடிவு கட்டி, கண்ணாடி வைத்த கறுப்புப் பெட்டியில், பட்டு மெத்தை மேல் அதை வைத்துக்கொண்டார். இந்தப் பைத்தியம் இலங்கை வரைக்கும் வந்தது. 1818-இல் கண்டியில் ஆங்கிலேயர் கொன்ற கிளர்ச்சித் தலைவர் கெப்பெட்டிபொலவின் மண்டை ஓட்டை ராணுவ மருத்துவர் ஒருவர் எடின்பரோவுக்குக் கொண்டுபோனார். கண்டிக்குத் திரும்ப நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

சரி, ஹைடனுக்கு வருவோம். 1820-இல் எஸ்டர்ஹாசி இளவரசர், தன் குடும்பத்திடம் காலமெல்லாம் வேலை பார்த்தவரை ஐசன்ஷ்டாட் என்ற ஊருக்கு மாற்றக் கல்லறையைத் திறக்கச் சொன்னார். உள்ளே உடல் இருந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் விக் மட்டும்! போலீஸ் ரோசன்பாம் வீட்டுக்குப் போனது. அதற்குள் தன் கைக்கு வந்திருந்த மண்டை ஓட்டை அவர் மெத்தைக்குள் திணித்து, மனைவி தெரேசாவை மேலே படுக்க வைத்திருந்தார். தெரேசா பாடகி, நடிப்பும் வந்திருக்கும் போல. மாதவிலக்கு என்று அவர் சொன்னதும் போலீஸ் அந்தக் கட்டில் பக்கமே போகவில்லை. கடைசியில் இளவரசரிடம் வேறு யாரோ ஒருவரின் மண்டை ஓட்டைக் கொடுத்துச் சமாளித்தார்கள். அதைத்தான் ஹைடனோடு புதைத்தார்கள்.

அசல் தலை கைமாறிக் கைமாறி 1895-இல் வியன்னாவின் இசை அன்பர் சங்கத்துக்கு வந்தது. உடலோடு சேர்ந்தது 1954-இல், அதாவது 145 வருடம் கழித்து. அப்போதும் அந்த இன்னொரு மண்டை ஓட்டை வெளியே எடுக்கவில்லை. இரண்டும் உள்ளேதான் இருக்கின்றன.

மகளிடம் இதைச் சொன்னேன். கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்: "அப்போ அந்த இன்னொரு ஆளோட உடம்பு எங்கப்பா?"