கேளுங்கோ, சொல்லுறன்: மோலும் பார்க்கிங்கும்

போன இதழில ஹட்சன்ஸ் பே எண்ட பெரிய கடை மூடினதை நாலு வரியில தொட்டுட்டுப் போனன், அதுக்குப் பிறகு வந்த கேள்வியள் முழுக்க மோல், பிளாசா, பார்க்கிங் எண்டே இருக்குது. சரி, இந்த முறை உதையே கதைப்பம். சாதகப் பொருத்தம் கேட்டு எழுதின ரெண்டு பேரும் அடுத்த இதழ் வரைக்கும் பொறுங்கோ.

கேள்வி: எங்கட மோலில ஹட்சன்ஸ் பே இருந்த இடம் முழுக்க வெள்ளைப் பலகை அடிச்சுக் கிடக்குது. அவ்வளவு இடத்தையும் சும்மா வைச்சிருக்காமல் சின்னச் சின்னக் கடையாப் பிரிச்சுக் குடுத்தால் என்ன? எங்கட ஆக்களே எத்தினை பேர் கடைக்கு இடம் தேடித் திரியினம்.
வாசகர், ஸ்காபரோ

பதில்: பிரிக்கலாம், ஆனா அந்தக் கட்டிடத்துக்குள்ள ஒருக்காப் போய்ப் பாத்தால் விளங்கும். ரெண்டு மாடி மூண்டு மாடி, நடுவில எஸ்கலேட்டர், உள்ளுக்கு ஆழமெண்டால் அப்பிடி ஒரு ஆழம், யன்னல் எண்டு பேருக்குக்கூட ஒண்டு இல்லை. மோல் பக்கம் பாத்த வாசல் கொஞ்சம்தான். அதைத் துண்டு துண்டா வெட்டினால் முன்னுக்கு இருக்கிற நாலு பேருக்குச் சனம் வரும், பின்னுக்குக் கடை எடுத்தவனிட்ட ஆர் போவினம்? அப்ப நடுவால ஒரு நடைபாதை விடோணும், விட்டால் வாடகைக்குக் குடுக்கிற இடம் குறையும், பிறகு கரண்ட், தண்ணி, கழிவுக்குழாய், நெருப்புக்குத் தண்ணி தெளிக்கிற குழாய் எல்லாம் கடைக்குக் கடை புதுசா இழுக்கோணும். அந்தச் செலவைக் கேட்டாப் பிறகு மோல்காரருக்குப் பலகையே வடிவாத்தான் தெரியும்.

ஆனா உண்மையான சிக்கல் லீஸ் பேப்பரில. பெரிய கடை சனத்தைக் கூட்டிக்கொண்டு வருது எண்டதால அதுக்குச் சதுர அடிக்கு வாடகை மெத்தக் குறைவு, அதுவும் பத்துப் பத்து வருசமா நீட்டிக்கொண்டு போற பழைய லீஸ். மோலின்ர வருமானத்தைச் சுமக்கிறது நடுவில இருக்கிற செருப்புக்கடை, போன் கடை, நகைக்கடையள்தான். அந்த நகைக்கடையும் செருப்புக்கடையும் பெரிய செயின் எண்டால் அவையின்ர லோயர் ஒரு வரி எழுதிப் போட்டிருப்பார்: பெரிய கடை மூடினால் நாங்கள் வாடகையைக் குறைப்பம், குறிச்ச காலத்துக்குள்ள வேற பெரிய கடை வராட்டில் எழும்பிப் போவம் எண்டு. எங்கட ஆக்கள் போடுற லீஸில உந்த வரியைக் காணக் கிடைக்காது, அது வேற கதை. அதால மோல்காரர் அவசரப்பட்டுக் கண்டதையும் அதுக்குள்ள இருத்தமாட்டினம். மிச்சக் கடையள் ஏற்கிற மாதிரி ஆள் வேணும். ஹட்சன்ஸ் பே லீஸுகளில 28ஐ வாங்கப் பிரிட்டிஷ் கொலம்பியாவில மோல் வைச்சிருக்கிற ஒரு அம்மா முன்னுக்கு வந்தவ, அவவின்ர சொந்த மோல்களில இருந்த 3 மட்டும் சரிவந்தது, மிச்ச 25இல பெரும்பாலான கட்டிடக்காரர் ஒத்துக்கொள்ளாமல் கோட்டுக்குப் போய் 2025 ஒக்டோபரில நீதிமன்றமும் ஏலாதெண்டு சொல்லிப்போட்டுது. வெறும் பலகையோட இருக்கிறதே பரவாயில்லை எண்டு நினைக்கிற அளவுக்கு அவைக்கு ஆர் வாறது எண்டது முக்கியம்.

இன்னொண்டு, உந்தப் பெரிய கடையள் ஒருநாளும் நிலையா நிண்டதில்லை. 1994ல வோல்மார்ட் கனடாவுக்கு வந்ததே 122 வூல்கோ கடையளை வாங்கித்தான். 1998ல கேமார்ட்டை ஹட்சன்ஸ் பே வாங்கி ஸெல்லர்ஸோட சேர்த்தது. பேந்து ஸெல்லர்ஸின்ர லீஸுகளை 182 கோடிக்கு மேல டொலர் குடுத்து டார்கெட் வாங்கி, 2013ல கடை திறந்து, 133 கடையையும் 2015ல மூடிப்போட்டுப் போட்டுது. ஒரே மூலையில மூண்டு போர்ட் மாறினதைப் பாத்த ஆக்கள் எங்களுக்குள்ளயே கனபேர் இருக்கினம். ஸ்காபரோ டவுன் சென்டர் 1973ல திறக்கேக்க ஒரு தொங்கலில ஈட்டன்ஸ், மற்றத் தொங்கலில சிம்ப்சன்ஸ். ஈட்டன்ஸ் 1999ல விழுந்து அந்த இடம் சியர்ஸ் ஆச்சுது, கனடா முழுக்கச் சியர்ஸ் 2018 ஜனவரியோட முடிஞ்சுது. சிம்ப்சன்ஸ் பிறகு ஹட்சன்ஸ் பே ஆச்சுது, அதுவும் 2025 ஜூன் முதலாம் திகதியோட சரி. 1670ல தொடங்கின கொம்பனி, அதுக்கே அந்தக் கதி.

கேள்வி: பனி கொட்டுற நாட்டில ஆரும் கூரையைக் கழட்டுவினமோ? மூடின மோலை இடிச்சுப்போட்டு வெளியால நடக்கிற மாதிரிக் கடை கட்டுறாங்கள். மூளை பிசகிப் போச்சோ?
வாசகி, டொன் மில்ஸ்

பதில்: நீங்கள் இருக்கிற இடம்தான் இதுக்கு நல்ல சாட்சி. உங்கட டொன் மில்ஸ் சென்டர் 1955ல திறந்தவெளி பிளாசாவாத் தொடங்கி, 1978ல கூரை போட்டு மூடி, 2006ல இடிபட்டு, 2009ல திரும்பவும் திறந்தவெளியா வந்தது. மூடின மோலில நடைபாதைக்குச் சூடு, லைற், துப்பரவு, காவலாள் எல்லாத்தையும் கட்டிடக்காரர் செய்து கடைக்காரரிட்ட வாங்கோணும். பெரிய கடை இருந்து சனம் நெரிஞ்ச காலத்தில கடைக்காரர் வாய் திறக்காமல் கட்டினவை. சனம் குறைய அந்தக் காசுதான் கழுத்தைப் பிடிக்கும். கதவை ரோட்டுப் பக்கம் வைச்சால் அந்தச் செலவில பெரும்பங்கு இல்லை, பொழுதுபட்டாப் பிறகும் சாப்பாட்டுக்கடையள் திறந்து வைக்கலாம், காரை வாசலில விட்டுட்டு ஒரே ஒரு கடைக்குள்ள ஓடிப் போய் வாற ஆளுக்கும் வசதி. மோர்னிங்சைட் மோலையும் அப்பிடித்தான் இடிச்சுத் தனித்தனிப் பெரிய கடையளா ஆக்கினவை, இப்ப அங்க ஒரு கடையில இருந்து மற்றக் கடைக்குப் போகவே காரை எடுக்கிற சனம் இருக்குது. எனக்கெண்டால் பெப்ரவரி மாசக் காத்துக்கு உந்த ஏற்பாடு துண்டாப் பிடிக்கேல்லை. டொன் மில்ஸில இடிக்கப் போகினம் எண்ட உடன வயசுபோன ஆக்கள்தான் கூடி நிண்டு எதிர்த்தவை, கடைக்காக இல்லை, காலமை போய் இருந்து கதைக்கிற இடம் போகுதெண்டு.

கேள்வி: எங்கட பிளாசாவில இருந்த சுப்பர்மார்க்கெட் மூடிப் போச்சுது. அதில ஒரு தமிழ்க் கடை வந்தால் நடந்து போய்ச் சாமான் வாங்கலாமெண்டு ஆசையா இருந்தம். வந்தது ஜிம். தமிழ்க் கடைக்காரர் கேட்டும் குடுக்கேல்லையாம், ஏன்?
வாசகி, மார்க்கம் ரோட்டுப் பக்கம்

பதில்: உங்கட பிளாசாவின்ர பேப்பரை நான் பாக்கேல்லை, ஆனா உப்பிடி நடக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்குது, சனத்துக்குத் தெரியாத காரணம். பெரிய சுப்பர்மார்க்கெட் கொம்பனியள் லீஸ் போடேக்கையே, இந்தப் பிளாசாவில வேற மளிகைக்கடைக்கு இடம் குடுக்கக்கூடாது எண்டு ஒரு நிபந்தனை போடுவினம். அதைவிட மோசம், சொந்த நிலமெண்டால் அதை விக்கேக்க இனி இதில மளிகைக்கடை வரக்கூடாதெண்டு உறுதியிலயே எழுதிப்போட்டு விப்பினம். கடை போயிடும், எழுத்து போகாது. வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கிற அரசாங்க அமைப்பான கொம்படிஷன் பியூரோ 2023ல மளிகை வியாபாரத்தைப் பற்றி அறிக்கை விட்டு, உந்த நிபந்தனையளைக் கட்டுப்படுத்தோணும் எண்டு சொன்னது, அடுத்த வருசம் லொப்லோ, சோபீஸ் ரெண்டின்ரயும் தாய்க் கொம்பனியளை உந்த விசயத்தில விசாரிக்கவும் தொடங்கினது. ஜிம், பல் டொக்டர் மாதிரி ஆக்கள் பெரும்பாலும் உந்தத் தடைக்குள்ள வராயினம், அதுதான் அவை வருகினம். தமிழ்க் கடைக்காரர் உண்மையாத் தேடுறார் எண்டால், ஏஜென்டிட்ட வாடகையைக் கேக்க முதல், இந்த இடத்தில ஆருக்காவது எக்ஸ்குளூசிவ், அதாவது தன்ர வியாபாரத்தை வேற ஆரும் செய்யக்கூடாதெண்ட உரிமை, இருக்கோ, உறுதியில தடை ஏதும் கிடக்கோ எண்டு லோயரை விட்டுத் தேடிப் பாக்கச் சொல்லுங்கோ.

கேள்வி: எந்த மோலுக்குப் போனாலும் பார்க்கிங்கை அடைச்சுப்போட்டு மாடி எழுப்பிறாங்கள். ஏற்கெனவே சனிக்கிழமை இடமில்லை. மூண்டு சுத்துச் சுத்தி, பிள்ளை பின்னுக்கு இருந்து கத்த, கடைசியில வீட்டை திரும்பி வந்தனாங்கள். ஆர் உதுக்கு அனுமதி குடுக்கிறது?
வாசகர், மல்வேர்ன்

பதில்: சனிக்கிழமை இடமில்லை எண்டது சரி. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஒருக்காப் போங்கோ, கிரிக்கெட் விளையாடலாம். மோல் பார்க்கிங் எப்பிடிக் கணக்குப் போட்டவை எண்டால், கிறிஸ்மஸுக்கு முன்னம் வாற அந்த நெரிசலுக்கு ஏத்த மாதிரி. கலியாணத்துக்கு வாங்கின கிடாரத்தை வருசம் முழுக்க அடுப்பில வைச்சிருக்கிற மாதிரி ஒரு கணக்கு. ஆயிரம் சதுர அடிக் கடைக்கு அஞ்சு கார் எண்டு வைப்பம். ஒரு காருக்கு, அது நிக்கிற இடமும் வந்து திரும்புற பாதையும் சேர்த்து முந்நூறு சதுர அடிக்கு மேல வேணும். அப்ப ஆயிரம் அடிக் கடைக்கு ஆயிரத்தஞ்ஞூறு அடி தார். கடையை விடக் கார் நிக்கிற நிலம்தான் பெரிசு, அதில பனிக்காலத்தில ஒரு மூலை முழுக்கத் தள்ளி விட்ட பனி மலை வேற.

உந்த நிலத்தை இவ்வளவு காலமும் ஏன் தொடாமல் இருந்தவை எண்டால் ரெண்டு பூட்டு இருந்தது. ஒண்டு நகரசபைச் சட்டம், கட்டிடத்துக்கு இத்தினை கார் இடம் கட்டாயம் எண்டு. ரொறன்ரோ நகரசபை 2021 டிசம்பரில வாக்கெடுத்து, 2022 பெப்ரவரியில இருந்து புதுக் கட்டிடங்களில பெரும்பாலானதுக்கு அந்தக் குறைஞ்சபட்சத்தை எடுத்துப் போட்டுது. நடக்க ஏலாத ஆக்களுக்கான இடம், மாடிவீடுகளுக்கு விருந்தாளிப் பார்க்கிங் எண்டு கொஞ்சம்தான் மிச்சம். மற்றப் பூட்டைத்தான் ஆரும் கதைக்கிறேல்லை. பெரிய கடையின்ர லீஸில கன இடங்களில, எங்கட வாசலுக்கு முன்னால இந்தப் பார்க்கிங்கில ஒண்டும் கட்டக்கூடாது எண்டு கோடு போட்டு வரைபடமே ஒட்டி இருக்கும். அந்தக் கடை இருக்குமட்டும் கட்டிடக்காரர் தன்ர நிலத்திலயே ஒரு கம்பம் நட ஏலாது. கடை போக அந்தக் கோடும் போச்சு. சியர்ஸ், ஹட்சன்ஸ் பே மாதிரிக் கடையள் விழ விழ மாடி எழும்புறதைப் பாக்கிறியள் எண்டால் அது சும்மா நடக்கிற விசயமில்லை.

மிசிசாகாவில ஸ்குவேர் வன்னைச் சுத்தி 130 ஏக்கரில மாடிக்கட்டிடங்கள் 37, பதினெண்ணாயிரத்துக்கு மேல வீடு எண்டு திட்டம் போட்டிருக்கினம். மோல் அப்பிடியே இருக்கும், காலுக்குக் கீழ இருந்த தார்தான் வீடாகும். உதில எனக்குச் சம்மதம்தான், வீடில்லாமல் பிள்ளையள் முப்பது வயசிலயும் எங்கட பேஸ்மன்டில கிடக்கினம். ஆனா ஸ்காபரோவில கோவம் வாறது ஏனெண்டால், காரை விட்டுட்டு வா எண்டு சொல்ல முதல் ரெயின் வரோணுமெல்லோ. 1985ல தொடங்கின ஸ்காபரோ ஆர்டி ரெயின் 2023 ஜூலை 24ல தடம் புரண்டு, பேந்து ஓடவே இல்லை. இப்ப பஸ். 7.8 கிலோமீற்றர், மூண்டு ஸ்டேசன் எண்டு சப்வே தோண்டுறாங்கள், அதில ஒண்டு ஸ்காபரோ சென்டர். அது ஓடுமட்டும் சாமான் பையும் பிள்ளையும் தள்ளுவண்டிலும் கொண்டு போற ஆளுக்குக் கார்தான். புதுக் கட்டிடத்துக்கு நகரசபை கூட்டம் வைக்கேக்க பார்க்கிங் வேணுமெண்டு மொட்டையாக் கத்தாதேங்கோ. கட்டுற காலத்தில மோலுக்கு எத்தினை இடம் மிஞ்சும், கீழ தோண்டுற பார்க்கிங்குக்குக் காசு அறவிடுவியளோ எண்டு எழுத்தில கேளுங்கோ. நிலத்துக்குக் கீழ ஒரு கார் இடம் வெட்டவே பத்தாயிரக்கணக்கில டொலர் போகும், அந்தக் காசை ஆர் தலையில கட்டப் போகினம் எண்டதுதான் அங்க கேக்க வேண்டியது.

கேள்வி: அப்பா குளிருக்கு மோலில நடந்திட்டு, வாங்கில இருந்து கூட்டாளிமாரோட கதைச்சிட்டு வருவார். இப்ப வாங்குகளை எடுத்துப்போட்டு நடுவில போன் கவர் விக்கிற மேசையள் வைச்சிருக்கினம். முறைப்பாடு செய்யலாமோ?
வாசகி, அஜின்கோர்ட்

பதில்: செய்யலாம், மனேஜ்மன்ட் ஒபிசுக்குக் கடிதமா எழுதுங்கோ, நாலு குடும்பம் கையெழுத்து வைச்சால் கொஞ்சமாவது பாப்பினம். ஆனா அது தனியார் இடம். வாங்கில இருக்கிறவரிட்ட இருந்து வாடகை வராது, மேசைக்காரனிட்ட இருந்து வரும். அப்பாவை ஸ்காபரோ சிவிக் சென்டர் நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ, மோலுக்குப் பக்கத்திலதான், 2015ல திறந்தது. நடக்கிறதுக்கு மோல், இருக்கிறதுக்கு அது. சத்தமாக் கதைக்க ஏலாது எண்டதுதான் அவைக்குக் கஷ்டம்.

கேள்வி: கொண்டோ மோலில ஒரு கடை யூனிட் விலைக்கு வருது, மலிவு எண்டு ஏஜென்ட் சொல்லுறார். வாங்கி வாடகைக்கு விட யோசினை. வாங்கலாமோ?
வாசகர், மார்க்கம்

பதில்: ஏஜென்ட் உங்களுக்குப் பசிபிக் மோலைக் காட்டியிருப்பார். ஸ்டீல்ஸ், கென்னடிச் சந்தியில 1997ல திறந்தது, கடை ஒவ்வொண்டும் ஒவ்வொருத்தற்ற சொந்தம், இண்டைக்கும் சனம் போகுது. ஆனா அதைப் பாத்துக் கட்டினதெல்லாம் அப்பிடி ஓடேல்லை. மற்ற மோலில கட்டிடக்காரர் ஒராள், நகைக்கடைக்குப் பக்கத்தில என்ன வரோணும் எண்டு அவர் தீர்மானிப்பார், ஓடாத கடையை எழுப்புவார். கொண்டோ மோலில நூறு முதலாளி. உங்கட யூனிட்டுக்கு இங்கால போன் கடை, அங்கால போன் கடை, எதிரிலயும் போன் கடை எண்டு வந்தால் ஒருத்தரும் கேக்க ஏலாது. அங்க சனத்தை இழுக்கப் பெரிய கடை எண்டும் பெரும்பாலும் ஒண்டு இராது. கடை பூட்டிக் கிடந்தாலும் மாசாமாசம் பராமரிப்புக் காசும் வருசத்துக்குச் சொத்து வரியும் நீங்கள்தான் கட்டோணும்.

கையெழுத்து வைக்க முதல் ஸ்டேட்டஸ் சேர்ட்டிபிக்கேட், அதாவது கொண்டோவின்ர காசு நிலைமையைக் காட்டுற பத்திரம், எடுங்கோ, ஒன்ராறியோவில 100 டொலர்தான், பத்து நாளுக்குள்ள தரோணும். அதில ரிசேர்வ் பண்டில, எண்டால் பெரிய திருத்த வேலைக்குச் சேர்த்து வைக்கிற காசில, எவ்வளவு கிடக்குது, கூரை, பார்க்கிங் தார் திருத்த விசேச அறவீடு ஏதும் வருதோ, எத்தினை பேர் காசு கட்டாமல் நிக்கினம் எண்டு லோயரைக் கொண்டு வாசிப்பியுங்கோ. பேந்து ஒரு கிழமை நாளில, மத்தியானம் ரெண்டு மணிக்கு, ஏஜென்ட் இல்லாமல் தனியப் போய் பூட்டின கதவுகளை எண்ணுங்கோ. எண்ணிப்போட்டு எனக்கும் எழுதுங்கோ.